மூன்று வெள்ளிக்கு நடுவே

கீழ ரத வீதியில் அரை கிராம் வெள்ளிக் கம்பி கேட்டேன்.
"அரை கிராமா? திருகாணிக்கே காணாதே" என்றார் கடைக்காரர்.
பூசத்தான் என்றேன்.
"எது மேல?"
மணல் மேல என்று சொல்லியிருக்கலாம்.
பில் போடாமல் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்,
திருநீறு மாதிரி.

அபிஷேகப்பட்டி, ரோட்டை ஒட்டிய கட்டடம்.
எஃகுக் கலத்துக்கு அலுமினியத் தாள் சுற்றி
ஒன்றரை நாள் சூடேற்றுகிறோம்,
உள்சுவரில் ஒட்டிய கடைசி ஈரமும் கழன்று போகும்வரை.
"தம் போட்டாச்சு" என்பார் மேலப்பாளையம் மசூது.
கல்யாண வீடுகளில் அண்டா திறந்த கை.
இங்கே அவசரப்பட்டுத் திறந்தால் ஒரு மாச வேலை ஆவி.

குளிருக்கு ராமையன்பட்டி போக வேண்டும்.
காளைகளின் வித்து உறைந்து கிடக்கிற
அதே திரவ நைட்ரஜனில் எங்களுக்கும் ஒரு கேன்.
கையெழுத்து வாங்கும்போது
ஜெபக்கனி டாக்டர் சிரிக்காமல் கேட்பார்:
"இன்னைக்கு எத்தனை பசுவுக்கு?"

சிலிக்கானை வெட்டினால்
மேல் வரிசைக்கு அண்டைவீடு போய்விடுகிறது.
நாற்பத்தொன்பது கைகள் வெறும் காற்றில்.
இல்லை, காற்றும் இல்லாததில்.
பழுக்கச் சுட்டு ஆறவிட்டால்
இடம் மாறி, தோள் மாற்றி, கிடைத்ததைப் பிடித்து
பத்தொன்பதாகக் குறைத்துக்கொள்கின்றன.
அதற்கு மேல் குறைய மாட்டேன் என்கிறது.
தீராத அந்தப் பத்தொன்பதுதான் மேற்பரப்பு
என்று எழுதி வைத்திருக்கிறேன்,
ஆய்வேட்டில் அல்ல, பஸ் டிக்கெட்டின் பின்னால்.

அதன்மேல் வெள்ளி.
ஒரே ஒரு அணுவின் கனத்துக்கு.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஐம்பது கிராமில் ஒற்றைக் கொலுசு,
இந்த மென்மைக்குப் பரத்தினால்
ஐந்து கோட்டை விதைப்பாட்டை மூடிவிடும்.
"அப்ப வயக்காட்டுக்கே கொலுசு போட்டுறலாம்"
என்றார் மசூது, பம்புக்கு எண்ணெய் விட்டபடி.

ராத்திரி ஒன்றரைக்கு மேல்தான் ஊசியை இறக்குவோம்.
டவுன் பஸ்கள் அடங்கியிருக்கும்.
ஊசி தொடாது.
தொடாத இடைவெளியில் கசிகிற மின்னோட்டம்
ஏறி இறங்குவதுதான் படம்.
வரிவரியாக வரும், கஞ்சன் காசு எண்ணுவதுபோல.

தேன்கூடு வந்தது.
மூலைக்கு மூலை ஒரு வெளிச்சப் புள்ளி.
வெள்ளி, வெள்ளி, வெள்ளி என்று எண்ணினேன்.
மூன்று மாதம் எண்ணினேன்.
மாநாட்டுச் சுவரொட்டியில் அம்புக்குறி போட்டு
கொட்டை எழுத்தில் "வெள்ளி" என்று அச்சடித்தும் ஆயிற்று.

நாகர்கோவிலிலிருந்து ரோஸ்லின் ஷைனி எழுதினாள்:
"வெளிச்சத்தில் வெள்ளி இல்லை.
மூன்று வெள்ளிக்கு நடுவில் அது. அங்கே ஆளே கிடையாது.
ஜப்பான்காரங்க முன்னமே சொன்னதுதானே,
வாசிக்கலியா?"

வாசித்திருந்தேன்.
பார்க்கும்போது வாசித்தது ஞாபகம் வரவில்லை.

ஊசி நீட்டுகிற எலக்ட்ரானுக்கு
மூன்றும் சேர்ந்து நடுவில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றன.
ஊசிக்கு அந்தக் காலியிடம்தான் மேடு.
நான் இருட்டு என்று தள்ளிவிட்ட ஓரங்களில்
அரை கிராமும் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"அப்ப வெள்ளி எங்கம்மா?"
"சுத்தி நிக்குது."
மசூது திரையை வெகுநேரம் பார்த்தார்.
"மாப்பிள்ளை வந்து சேராத மேடை மாதிரி.
லைட்டெல்லாம் வெறும் நாற்காலி மேலதான்."

மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டு
மறுபடி வரைய ஆரம்பித்தோம்.
பாதிப் படம் நன்றாக வந்தது.
மேசைக்கு அடியில் ரப்பர்,
ரப்பருக்கு அடியில் சுருள்வில்,
அதற்கும் அடியில் தரை என்று ஒன்று இருக்கிறதே.
தார்ப்பாய் போர்த்திய லாரி,
பின்னாலேயே இன்னொன்று.
மணல் போகிறது. மணல் நடுங்குகிறது.
தேன்கூட்டின் குறுக்கே ஒரு கிழிசல்.

"சவம், இன்னைக்கும் போச்சா?"

பதிவேட்டில்:
இரண்டு நாற்பத்தொன்று. முனை உடைந்தது.
காரணம் என்ற கட்டத்தில் "ஆற்று மணல்" என்று எழுதி,
அடித்து,
"அதிர்வு" என்று எழுதினேன்.